இரண்டாவது கையெழுத்துக்கு ஆளில்லாத வீடுகள்: வளர்ச்சித் திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

வளர்ச்சித் திட்டக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

உங்கள் திட்ட வரைவில் ‘சமூகப் பின்னடைவுக் குறியீடுகள்’ என்றோர் அட்டவணை இருக்கிறது. பள்ளி இடைநிற்றலுக்கும் குடிப்பழக்கத்துக்கும் நடுவே அதில் ஒரு வரி: ‘ஒற்றைப் பெற்றோர் குடும்பங்களின் எண்ணிக்கை’. அதே வரைவின் பின்பகுதியில், சிக்கன நடவடிக்கைகளின் கீழ் இன்னொரு வரி: குழந்தைகள் காப்பகத்தின் மாலைப் பிரிவு ‘போதிய பயன்பாடு இல்லாமையால்’ நிறுத்தப்படும். இரண்டையும் எழுதியவர்கள் வேறு வேறு அறைகளில் உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும். முதல் வரி யாரைக் குறை சொல்கிறதோ, அவர்களிடமிருந்துதான் இரண்டாவது வரி இரண்டு மணி நேரத்தைப் பிடுங்குகிறது.

தனியாளாகப் பிள்ளை வளர்ப்பவர்களோடு காப்பகத்திலும் பள்ளியிலும் விண்ணப்ப மேசையிலும் அன்றாடம் வேலை செய்கிறவர்கள் நாங்கள். இந்த இரண்டு வரிகளையும் எங்களால் ஏற்க முடியாது.

மாலைப் பிரிவிலிருந்தே தொடங்குகிறோம். அது நடப்பது 4 மணி முதல் 6 மணி வரை. பகல் ஷிப்ட் முடிவது 5.30. அங்கிருந்து காப்பகத்துக்கு 40 நிமிடப் பயணம். ஓடி வந்தாலும் 6.10 ஆகிவிடும். பத்து நிமிடத் தாமதத்துக்கு அபராதம், மாதத்தில் மூன்று முறை தாமதமானால் சேர்க்கை ரத்து என்று விதி வைத்துவிட்டு, பிள்ளைகள் வரவில்லை என்றால் எப்படி? 6 மணிக்குள் வரக்கூடியவர்கள் சேர்த்தார்கள். அவர்கள் வீட்டில் பெரும்பாலும் இன்னொரு ஆள் இருந்ததால், நாளாக நாளாக அவர்களும் நிறுத்திக்கொண்டார்கள். பதிவேட்டில் வருகை குறைந்தது. நீங்கள் பார்த்தது அந்தப் பதிவேட்டை. வாசலில் நின்றபடி ‘எத்தனை மணி வரை வைத்துக்கொள்வீர்கள்?’ என்று கேட்டு, பதில் வந்ததும் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனவர்களை எழுதிவைக்க அங்கே பதிவேடே கிடையாது.

இன்னும் ஒரு மணி நேரம் திறந்து வைத்தால் செலவு கூடும் என்பீர்கள். கூடும்தான். மூன்று பிள்ளைகள் இருந்தாலும் பன்னிரண்டு பிள்ளைகள் இருந்தாலும் பாதுகாப்புக்கு இரண்டு பெரியவர்கள் வேண்டும். ஆகவே பிள்ளைகள் குறைவாக இருக்கும்வரை தலைக்குச் செலவு அதிகமாகத்தான் தெரியும். நேரத்தைச் சரியாக வைத்து இடத்தை நிரப்பினால் அந்தக் கணக்கு மாறும். ஆனால் அதற்காகப் பணியாளர்களின் வேலை நேரத்தை இழுத்து நீட்டிவிடாதீர்கள். அவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் உண்டு. ஒருவர் காலை 7 மணிக்கு வந்து 3 மணிக்குப் போகட்டும், மற்றவர் 11 மணிக்கு வந்து 7 மணிக்குப் போகட்டும். 11 முதல் 3 வரை இருவரும் இருப்பார்கள். காலையிலும் மாலையிலும் துணைக்குப் பகுதி நேரப் பணியாளர் ஒருவர் போதும்.

இனி நேரக் கணக்கு. வாரத்துக்கு 168 மணி நேரம். தூக்கம் இரவுக்கு ஏழு மணி நேரமாக 49. வேலை 48. போய் வர 9. சமையல், துணி, பாத்திரம், வீடு எல்லாம் நாளுக்கு மூன்று மணி நேரமாக 21. பிள்ளைகளை எழுப்பி, குளிப்பாட்டி, கொண்டுபோய் விட்டு, அழைத்து வந்து, பாடம் பார்த்து, தூங்கவைப்பதற்கு நாளுக்கு நான்கு மணி நேரமாக 28. தான் குளிக்க, சாப்பிட நாளுக்கு ஒன்றரை மணி நேரமாக 10.5. கூட்டினால் 165.5. வாரம் முழுவதற்கும் மிச்சம் இரண்டரை மணி நேரம்.

இதே வேலைகள், இதே ஷிப்ட், ஆனால் வீட்டில் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு வேலையும் பிள்ளை வேலையும் சேர்ந்த 49 மணி நேரம் இரண்டாகப் பிரியும். தலைக்கு 24.5 மணி நேரம் விடுபடும். மிச்சம் ஒருவருக்கு 27, வீட்டுக்கு 54. (இரண்டாவது ஆள் ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடாத வீடுகளும் உண்டு என்பது எங்களுக்குத் தெரியும். அதற்குத் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும்.) ஒரு ஆள் இல்லாவிட்டால் பாதி நேரம் குறையும் என்றுதான் எல்லாரும் மனக்கணக்குப் போடுகிறார்கள். ஐம்பத்துநான்கு மணி நேரம் இரண்டரையாகச் சுருங்குவது கண்ணில் படுவதில்லை.

ஊர் வளர்ச்சி என்று நீங்கள் சொல்வதில் பெரும்பகுதி இந்த மிச்ச நேரத்திலிருந்துதான் வருகிறது. பள்ளிக் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கும் பெற்றோர், தெருவிளக்கு எரியவில்லை என்று மனு எழுதிக் கொண்டுபோய்க் கொடுப்பவர், மாலைத் தொழிற்பயிற்சியில் சேர்பவர், அடுத்த வீட்டுப் பெரியவரை மருத்துவரிடம் அழைத்துப் போகிறவர், எல்லாரும் அந்தக் கணக்கிலிருந்துதான் செலவு செய்கிறார்கள். ஒரு சான்றிதழுக்காக மூன்று முறை, முறைக்கு மூன்று மணி நேரம் நீங்கள் அலையவிட்டால், தனியாள் வீட்டில் மூன்றரை வாரத்துக்கும் மேலான மிச்சம் அதிலேயே போய்விடுகிறது. அப்புறம் ‘இவர்கள் கூட்டத்துக்கே வருவதில்லை’ என்று குறிப்பு எழுதுகிறீர்கள்.

அட்டவணைக்கு ஆதாரம் கேட்டால், பொருளியலாளர் ராஜ் செட்டியும் சக ஆய்வாளர்களும் அமெரிக்காவைப் பற்றி 2014-இல் வெளியிட்ட ஆய்வை யாராவது எடுத்துக் காட்டலாம். ஒற்றைப் பெற்றோர் குடும்பங்களின் விகிதம் அதிகமுள்ள பகுதிகளில், ஏழை வீட்டுப் பிள்ளைகள் வளர்ந்து மேலே ஏறுவது குறைவு என்று அதில் இருப்பது உண்மைதான். அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது: அந்தப் பகுதிகளில் தாய், தந்தை இருவரோடும் வளர்கிற பிள்ளைகளும் அதே போல் பின்தங்குகிறார்கள். அப்படியானால் கோளாறை ஒரு வீட்டின் கதவுக்குப் பின்னால் தேடிப் பயனில்லை. இருவர் இருக்கும் வீட்டுக்கும் ஒருவர் இருக்கும் வீட்டுக்கும் பொதுவாக இருப்பது எதுவோ அங்கே தேட வேண்டும்: பள்ளி, போக்குவரத்து, காப்பகம், வேலை நேரம். இவையெல்லாம் உங்கள் வரைவில் இருக்க வேண்டியவை.

அதற்கும் இருபது ஆண்டுகள் முன்பே, 1994-இல், சாரா மெக்லனஹன், கேரி சாண்டிஃபர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர்கள், ஒற்றைப் பெற்றோரிடம் வளரும் பிள்ளைகளின் பின்னடைவு எதிலிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்த்தார்கள். சுமார் பாதி, வருமானக் குறைவிலிருந்து வருகிறது. வீடு மாறிக்கொண்டே இருப்பதற்கும் பெரிய பங்கு இருக்கிறது. வீடு மாறினால் பள்ளி மாறும். அதைவிட முக்கியம், அவசரத்துக்கு ‘ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று பிள்ளையை விட்டுவிட்டுப் போகக்கூடிய பக்கத்து வீடு போய்விடும். அப்படி ஒருவரைப் புது இடத்தில் கண்டுபிடிக்க மாதக்கணக்கில் ஆகும். அதுவரை ஒவ்வொரு காய்ச்சலும் ஒரு நாள் கூலி. சிறு பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது இயல்பு. முறைக்கு இரண்டு நாள் காப்பகம் சேர்க்காது என்றால் 12 முதல் 16 நாள். விடுப்போடு கூடிய வேலையிலேயே அது கடினம். நாள் கூலியில் நினைத்தே பார்க்க முடியாது.

உதவி பெறும் தகுதியை நீங்கள் அளக்கும் கோலும் கோணலாக இருக்கிறது. குடும்பத்தின் அளவுக்கேற்ப வருமானத் தேவையைக் கணக்கிடப் பல நாடுகளில் புழங்கும் ஓ.இ.சி.டி. (பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு) திருத்திய அளவுகோலின்படி முதல் பெரியவருக்கு 1, 14 வயதும் அதற்கு மேலும் உள்ள மற்ற ஒவ்வொருவருக்கும் 0.5, அதற்குக் கீழே உள்ள பிள்ளைக்கு 0.3. இரண்டு சிறு பிள்ளைகளோடு தனியாள் என்றால் 1.6, அதே பிள்ளைகளோடு இருவர் என்றால் 2.1. இருவர் வீட்டுக்கு 100 தேவைப்படும் இடத்தில் தனியாள் வீட்டுக்கு 76 போதும் என்கிறது கணக்கு. இந்த அளவுகோல் வாயை எண்ணுகிறது, கையை எண்ணவில்லை. இல்லாத அந்த ஆள் சாப்பிடாததால் மிச்சமாகும் செலவு கணக்கில் வருகிறது. அவர் பார்த்திருக்கக்கூடிய பிள்ளையை இப்போது காசு கொடுத்து யாரிடமாவது விட வேண்டியிருப்பது வரவில்லை. பணத்தோடு நேரத்தையும் சேர்த்துத்தான் வறுமையை அளக்க வேண்டும் என்று கிளேர் விக்கரி என்ற பொருளியலாளர் 1977-லேயே எழுதிவிட்டார்.

வருமான வரம்பு இன்னொரு பொறி. வரம்பு மாதம் 100 அலகு என்று வைத்துக்கொள்வோம். 98 சம்பாதிப்பவருக்கு 20 அலகு மதிப்புள்ள காப்பகச் சலுகை கிடைக்கிறது, மொத்தம் 118. அவருக்கு மேற்பார்வையாளர் பதவி வருகிறது, சம்பளம் 104. வரம்பு தாண்டியதால் சலுகை மொத்தமாக நின்றுவிடும். பொறுப்புக் கூடி, கையில் நிற்பது 14 குறைகிறது. ‘வேண்டாம்’ என்று அவர் சொல்வதைப் பார்த்து முன்னேற ஆசை இல்லாதவர் என்கிறார்கள். கணக்குத் தெரிந்தவர் என்றுதான் நாங்கள் சொல்வோம். வரம்பைத் தாண்டிய ஒவ்வொரு 2 அலகுக்கும் சலுகையில் 1 அலகு மட்டும் குறைத்தால், 104 சம்பாதிப்பவருக்குச் சலுகை 18, மொத்தம் 122. அவர் பதவியை ஏற்பார்.

அடுத்து காகிதம். எங்கள் மேசையில் அதிக நேரம் தின்பது இதுதான்.

தனியாளாக வளர்ப்பவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி அல்ல. துணையை இழந்தவர், மணமுறிவு பெற்றவர், மணமே செய்யாதவர், தனியாகத் தத்தெடுத்தவர், துணை சிறையில் இருப்பவர், துணை தொலைவில் வேலைக்குப் போய் ஆண்டுக்கு ஒருமுறை வருபவர், பேரப்பிள்ளையை வளர்க்கும் பாட்டி. இறப்புக்குச் சான்றிதழ் உண்டு. மணமுறிவுக்குத் தீர்ப்பு நகல் உண்டு. ஒரு நாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு போன ஆள் திரும்பி வரவே இல்லை என்பதற்கு என்ன காகிதம் உண்டு? கைவிடப்பட்டவரிடம் நீங்கள் கேட்பது ஒன்று நடக்கவில்லை என்பதற்கான அத்தாட்சி. அவர் காவல் நிலையத்துக்குப் போனால் ‘குடும்ப விவகாரம், புகார் எடுக்க முடியாது’ என்கிறார்கள். நீதிமன்றத்துக்குப் போனால் மணமுறிவுக்கு வழக்குப் போடச் சொல்கிறார்கள். மணமுறிவு அவருக்கு வேண்டியதே இல்லை. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கத்தான் வந்தார்.

இணைய விண்ணப்பம் வந்தபின் இது இன்னும் மோசம். தந்தை பெயர், தாய் பெயர் இரண்டுக்கும் நட்சத்திரக் குறி. எதையாவது நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது. சிலர் இரண்டு புள்ளிகளைத் தட்டிவிட்டுக் கடக்கிறார்கள். சிலர் தாத்தாவின் பெயரைப் போடுகிறார்கள். சிலர், இனி ஒருபோதும் உச்சரிக்க மாட்டேன் என்று நினைத்திருந்த பெயரை வேறு வழியின்றித் தட்டெழுதுகிறார்கள். தலைவலி நான்கு ஆண்டு கழித்து வருகிறது: பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பள்ளிப் பதிவில் ஒரு பெயர், உதவித்தொகை விண்ணப்பத்தில் இரண்டு புள்ளிகள். ‘பொருந்தவில்லை’ என்று விண்ணப்பம் திரும்பும். உறுதிமொழிப் பத்திரம், திருத்த மனு, மறுபடி அலைச்சல். பிள்ளைக்கு உதவித்தொகை தவறிப்போவது பெரும்பாலும் மதிப்பெண்ணால் அல்ல, அந்த நட்சத்திரக் குறியால்.

தனியாக வளர்க்கும் தந்தையரின் பாடு வேறு வகை. ஐ.நா. பெண்கள் அமைப்பு 2019-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகக் குடும்பங்களில் சுமார் 8 விழுக்காடு ஒற்றைப் பெற்றோர் குடும்பங்கள். அவற்றில் சுமார் 84 விழுக்காட்டில் இருப்பது தாய். மீதியில் தந்தை. உங்கள் திட்டப் பெயர்ப் பலகைகளோ எல்லாம் ‘தாய்மார்’ என்றே தொடங்குகின்றன. கைக்குழந்தைக்குத் துணி மாற்றும் மேசை பெண்கள் கழிப்பறைக்குள்ளே இருக்கிறது.

8 விழுக்காடு என்பதும் தனி வீட்டில் வாழ்பவர்களை மட்டும் எண்ணியது. தன் தந்தை வீட்டில் பிள்ளையோடு தங்கியிருப்பவர் உங்கள் கணக்கெடுப்பில் ‘குடும்பத் தலைவரின் மகள்’. அண்ணன் வீட்டில் இருந்தால் ‘தங்கை’. எந்தப் பட்டியலிலும் தனியாள் என்று வர மாட்டார். ஆகவே நீங்கள் குறியீடாக வைத்திருக்கும் அந்த எண்ணே சரியான எண் இல்லை.

வரைவுக் கூட்டத்துக்கு வந்த ஒரு சிலரும் பாதியில் எழுந்து போனதை நீங்கள் கவனித்திருக்கலாம். அரங்கின் கடைசியில் பாய் விரித்து நான்கு பொம்மைகளைப் போட்டு ‘குழந்தைகள் பகுதி’ என்று எழுதி வைத்திருந்தீர்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் பிள்ளை அம்மாவைப் பார்க்க முடிகிற இடத்தில் இருந்தால் அம்மாவிடம்தான் வரும். வந்து அழும், மேடையில் இருப்பவர் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பார், அம்மா வெளியே போய்விடுவார். வருகைப் பதிவில் அவர் பெயர் இருக்கிறது, முடிவில் அவர் குரல் இல்லை.

பிள்ளைகளைப் பற்றி ஒன்று மட்டும். இந்த வீடுகளில் இரண்டாவது பெரியவரின் வேலையைப் பல நேரம் மூத்த பிள்ளை செய்கிறது. தம்பியைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வருவதால் முதல் மணிக்கு அது பள்ளியில் இருக்காது. பத்து நிமிடத் தாமதம் பதிவேட்டில் சிவப்பு மையில் ஏறுகிறது. அப்படி ஒரு பருவம் முழுக்க ஏறினால், ‘ஒழுங்கின்மை’ என்ற தலைப்பில் அது உங்கள் அட்டவணைக்கு வந்து சேர்கிறது. காப்பகம் பள்ளியைவிட அரை மணி நேரம் முன்னதாகத் திறந்தால் அந்தச் சிவப்பு மை பெரும்பாலும் வேண்டியிருக்காது.

விலகிப் போன பெற்றோர் பிள்ளைக்குத் தர வேண்டிய பராமரிப்புத் தொகையைச் சட்டம் பார்த்துக்கொள்ளும், குழுவின் வேலை அல்ல என்று தட்டிக் கழிக்க வேண்டாம். 1989-இல் நிறைவேறிய ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 18-ஆவது பிரிவு வளர்ப்பை இருவருக்கும் பொதுவான பொறுப்பு என்கிறது. 27-ஆவது பிரிவின் 4-ஆவது உட்பிரிவு, விலகிப் போனவரிடமிருந்து தொகையை மீட்டுத் தர அரசு ஆவன செய்ய வேண்டும் என்கிறது. ஸ்வீடன் 1937-லேயே முன்பணச் சட்டம் கொண்டுவந்தது: பிள்ளைக்கு உரியதை அரசு முதலில் கொடுத்துவிடும், பிறகு கொடுக்க வேண்டியவரைத் துரத்தி வசூலிக்கும். துரத்துவதற்கு அரசுக்கு ஆளும் நேரமும் உண்டு. வாரத்துக்கு இரண்டரை மணி நேரம் வைத்திருப்பவருக்குக் கிடையாது. உங்களால் சட்டம் இயற்ற முடியாது. நீதிமன்ற உத்தரவு கையில் இருந்தும் மூன்று மாதமாகப் பணம் வராதவர்களின் பட்டியலை எடுத்து, அந்த உத்தரவை நிறைவேற்றக் கோரும் மனு எழுத உதவும் ஒருவரை வாரத்தில் ஒரு மாலை உட்கார வைக்க முடியும். அதையாவது செய்யுங்கள்.

நாங்கள் கேட்பவை இவை.

‘பின்னடைவுக் குறியீடுகள்’ அட்டவணையிலிருந்து அந்த வரியை நீக்குங்கள். அதன் இடத்தில் உங்கள் பொறுப்பில் உள்ளதை அளக்கும் வரிகளை வையுங்கள்: ஒரு சான்றிதழுக்குச் சராசரியாக எத்தனை முறை வர வேண்டியிருக்கிறது, காப்பகம் மூடும் நேரத்துக்கும் ஷிப்ட் முடியும் நேரத்துக்கும் இடைவெளி எத்தனை நிமிடம், இடமின்றியோ நேரம் பொருந்தாமலோ திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர். அதற்கென்று காப்பக வாசலில் ஒரு நோட்டு போடுங்கள்.

மாலைப் பிரிவை நிறுத்தும் முடிவைத் திரும்பப் பெற்று, 7 மணி வரை ஆறு மாதம் நடத்திப் பாருங்கள். காலையில் பள்ளிக்கு அரை மணி நேரம் முன்னதாகத் திறக்க வேண்டும். தாமதத்துக்காகச் சேர்க்கையை ரத்து செய்யும் விதி வேண்டாம்.

உங்கள் கட்டுப்பாட்டில் உள்ள எல்லா விண்ணப்பங்களிலும் இரண்டாவது பெற்றோர் பெயருக்கான நட்சத்திரக் குறியை எடுத்துவிடுங்கள். ‘பொருந்தாது’ என்று தேர்வு செய்ய ஒரு கட்டம் போதும், காரணம் கேட்க வேண்டியதில்லை. கைவிடப்பட்டவர்களுக்குத் தன்னுறுதிமொழியும் 15 நாளுக்குள் உள்ளூர் விசாரணையும் போதும் என்று ஆணையிடுங்கள். ஒருமுறை உறுதியானதை ஆண்டுதோறும் புதிதாக நிரூபிக்கச் சொல்ல வேண்டாம்.

சலுகை வரம்பை மேலே காட்டியபடி படிப்படியாகக் குறையும்படி மாற்றுங்கள். வருமானத்தைக் கணக்கிடும்போது பிள்ளை பராமரிப்புச் செலவைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள்.

அடுத்த கணக்கெடுப்பில் குடும்பத் தலைவர் யார் என்பதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு கேள்விகளைச் சேருங்கள்: அன்றாடம் இந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது யார்? அவருக்கு முடியாதபோது பார்த்துக்கொள்ள இன்னொருவர் உண்டா? இரண்டாவது கேள்விக்கு ‘இல்லை’ என்று எத்தனை பேர் சொல்கிறார்கள் என்பது தெரிந்தபின் மாலைப் பிரிவு வேண்டுமா என்று பேசலாம்.

கூட்டங்களை வேலை நாளில் ஒருமுறை, விடுமுறை நாளில் ஒருமுறை என்று இரண்டு நேரங்களில் நடத்துங்கள். 75 நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். பிள்ளைகளுக்குக் கதவுள்ள தனி அறையும், பன்னிரண்டு பேருக்கு இரண்டு பெரியவர்களும் வேண்டும். வர முடியாதவரின் கருத்தை எழுத்தில் வாங்கி, வந்தவரின் கருத்தோடு சேர்த்து எண்ணுங்கள்.

இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், ஏன் என்று 30 நாளுக்குள் எழுத்தில் பதில் தாருங்கள். அந்தப் பதிலைக் காப்பக வாசலிலும் பள்ளி அறிவிப்புப் பலகையிலும் ஒட்டுங்கள். நேரில் வந்து பேசுங்கள் என்று வேலை நாளில் காலை 11 மணிக்கு எங்களை அழைக்க வேண்டாம். நாங்கள் யாருக்காக எழுதுகிறோமோ, அவர்களால் அந்த நேரத்துக்கு வர முடியாது.

இப்படிக்கு,
காப்பகங்களிலும் பள்ளிகளிலும் விண்ணப்ப மேசைகளிலும் பணிபுரிவோர்